கல்லுமலைத் தோட்டத்து அமெரிக்கா

அமிர்தலிங்கம் வாத்தியாரை யாராவது தைரியசாலி என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் கோணிவிடும். ஓடத் தெரியாதவன் என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும் என்பார். படித்தவர் என்று சொன்னாலும் விடமாட்டார். வேறு எந்த வேலைக்கும் ஆகாதவனைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள் என்பது அவருடைய கட்சி. மற்றவர்கள் மட்டம் தட்டுவதற்கு முன்னால் நாமே தட்டிக்கொண்டால் வலி குறைவு என்று மனைவி மயிலம்மாளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தான் தட்டுவதற்கு இந்த மனுஷன் எங்கே இடம் வைத்தார் என்று மயிலம்மாள் அக்கம்பக்கத்தில் குறைப்பட்டுக்கொண்டாள்.

மலாய் நாட்டில் ரந்தாவ் ஊரிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் கல்லுமலை ரப்பர்த் தோட்டம் வரும். அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் கப்பலேறி வந்தார். வெள்ளைக்காரத் துரை அவருடைய ஆங்கிலத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, இவ்வளவு ஆங்கிலம் ஆபீசுக்குத் தேவையில்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் என்றால் ஆயாக்கொட்டகையின் ஒரு பாதி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பால்வெட்டப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். இந்தப் பக்கம் இவர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். எந்தப் பக்கம் அதிகமாகப் புரிகிறது என்பதில் தனக்கே சந்தேகம் உண்டு என்பார்.

அந்த ஆங்கிலம் மதுரைப் பக்கத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய ஒரு பள்ளியில் படித்தது. அங்கே ஒரு பாதிரியார் தன் நாட்டின் ஆரம்பகாலச் சரித்திரத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவார். பையன்களை எழுப்பி நிறுத்தி, நீ கப்பல் தலைவன், நீ செவ்விந்தியர் தலைவன், நீ பனியில் செத்துப்போகிறவன் என்று பங்கு பிரித்து நடிக்கச் சொல்வார். அமிர்தலிங்கம் கப்பல் தலைவனாகத் துடித்தார். அவருக்குக் கிடைத்தது பாய்மரம். இரண்டு கைகளையும் விரித்து ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு பாடம் முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அதனாலேயே அந்தச் சரித்திரம் முழுவதும் அவருக்குப் பதிந்துபோயிற்று. நடிக்கிறவனுக்கு அவனவன் வசனம்தான் தெரியும். பாய்மரத்துக்குத்தான் எல்லார் வசனமும் காதில் விழும்.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை ஒரு நாள் காலையில் காரில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. பால்மரம் வெட்டுவது நின்றது. அரிசி குறைந்தது, பிறகு அரைவயிறு, பிறகு பேச்சில் மட்டும் அரிசி. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளைச் சுற்றி எல்லாரும் மரவள்ளி ஊன்றினார்கள். சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூடங்களைத் திறந்து தங்கள் நிப்பொன் மொழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாத்தியார்களைச் சிரம்பானுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஊரின் தெமியாங் பகுதியில் ஒரு கடையின் மாடியில் தங்கி அமிர்தலிங்கம் அதைப் படித்தார். எழுத்துகள் பாதியும் வணக்கம் முழுவதும் கைவந்தன. யாரைக் கண்டாலும் குனியத் தெரிந்தவனுக்கு இலக்கணம் எதற்கு என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

காலையில் கிழக்கே பார்த்து வணங்கி, ஒரு நிப்பொன் பாட்டைப் பாடி, தெரிந்த எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி முடித்தால் பொழுது பாதிகூட ஏறியிருக்காது. பழைய பாடப் புத்தகங்களை எடுத்துப் போய்விட்டார்கள். அவற்றில் இங்கிலாந்து ராஜா படம் இருந்தது. பிள்ளைகள் பசியில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உட்கார வைக்க வேறு வழி தெரியாமல்தான் ஒரு நாள் அவர் கப்பல் கதையை ஆரம்பித்தார். கொஞ்சம் பெருமையும் அதில் உண்டு. இந்தக் காட்டில் அமெரிக்கச் சரித்திரம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே என்ற நினைப்பு.

ஒரு சின்னக் கப்பல். அதில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகத் தங்கள் சாமியைத் தங்கள் இஷ்டப்படி கும்பிடப் புறப்பட்ட வெள்ளைக்காரர்கள். பெரிய கடல். கரை சேர்ந்தபோது பனிக்காலம். கொண்டுவந்தது தீர்ந்துபோய்ப் பாதிப் பேர் அந்தப் பனிக்காலத்திலேயே செத்துப்போனார்கள். இங்கே நிறுத்தி, அவர்களுடைய விடுதலை வேட்கையைப் பற்றி விளக்கலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் முத்தாயி எழுந்து, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

முத்தாயி மாயாண்டியின் மகள். வகுப்பிலேயே நெடியவள், கேள்வி கேட்டால் பதில் வரும்வரை உட்காராதவள். அவள் கேட்டதற்குப் பிறகு வகுப்பு முழுவதும் வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை. விடுதலை வேட்கையை அமிர்தலிங்கம் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அந்த மண்ணில் முன்பே இருந்தவர்கள் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், குழியில் ஒரு மீனைப் புதைத்து அதன்மேல் விதை போடுவார்கள், அறுவடை ஆனதும் எல்லாரும் கூடி விருந்து சாப்பிட்டார்கள் என்றார். மீனை ஏன் புதைத்தார்கள், தின்றிருக்கலாமே என்று ஒரு குரல் எழுந்தது. அந்த மனிதர்கள் யார் என்று முத்தாயி கேட்டாள். செவ்விந்தியர்கள் என்றார்.

"இந்தியருங்களா? அப்ப நம்ம ஆளுங்க" என்றாள்.

அது வேறு, கொலம்பஸ் என்ற ஒருவர் வழி தவறிப்போய், இந்தியாவுக்கே வந்துவிட்டதாக நினைத்து வைத்த பெயர் என்று அவர் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை. நம்ம ஆட்கள் வெள்ளைக்காரனுக்குச் சோறு போட்டார்கள் என்ற செய்தி பள்ளிக்கூடம் விடுவதற்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் அதை நடித்துக் காட்டலாம் என்று அவர் சொன்னதும் எல்லாரும் இந்தியர்களாக நிற்க வந்தார்கள். வெள்ளைக்காரனாக ஒரு பிள்ளைகூட முன்வரவில்லை. வெள்ளைக்காரன் சாகிறவன், இந்தியன் சாப்பிடுகிறவன். பிள்ளைகளின் கணக்கில் தவறு ஒன்றும் இல்லை. கடைசியில் அவரே வெள்ளைக்காரராக நின்றார். முன்பு கப்பல் தலைவனாகத் துடித்தவருக்கு அந்தப் பதவி இப்படி, வேறு யாரும் வேண்டாம் என்று தள்ளிய பிறகு வந்து சேர்ந்தது.

அதிலிருந்து பாடம் நாள்தோறும் வளர்ந்தது. இன்னொரு குடியேற்றத்தில், தங்கம் தேடி வந்த கனவான்கள் மண்வெட்டி பிடிக்க மாட்டோம் என்று சொல்லிப் பட்டினியில் செத்த கதையை நடத்தியபோது, சட்டையை மடித்துவிடாமல் மரநிழலில் நிற்கும் கனவானை எப்படி நடிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முத்தாயி தன் பாவாடையை ஒரு கையால் வேட்டி நுனிபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு படாமல் எட்டி எட்டி நடந்து காட்டினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கூடவே சிரித்த பிறகுதான் அது தன் நடை என்று அமிர்தலிங்கத்துக்குத் தெரிந்தது.

விருந்துக் காட்சிக்கு உண்மையான சோளம் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கிருந்து தருவது என்று யோசிக்காமல் கொடுத்த வாக்கு. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒருவரிடம் கைப்பிடி விதை வாங்கி வந்து பள்ளிக்கூடத்தின் பின்னால் ஊன்றினார். சரித்திரத்தில் உள்ளபடியே மீன் வைத்தால் நல்லது என்று தோன்றி, மயிலம்மாள் எப்படியோ வாங்கி வைத்திருந்த கருவாட்டில் ஒரு துண்டைக் கொண்டுபோய்ப் புதைத்தார். தோட்டத்து நாய்கள் சரித்திரம் படிக்காதவை. அன்று சாயங்காலமே பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டன. மயிலம்மாள் அவருடன் மூன்று வேளை பேசவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் அந்தக் கோபம் முழுதாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் சொல்வார். இரண்டாவது முறை பிள்ளைகளே பாத்தி கட்டி, முள்வேலி வைத்து, முறைபோட்டுக் காவலிருந்து வளர்த்தார்கள்.

சோளம் கதிர் விட்ட சமயத்தில்தான் ஜப்பான்கார அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர், ஆகவே தோட்டத்து ஜனங்கள் அவருக்குக் கண்ணாடித் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடவே மொழிபெயர்க்கச் சலாவுதீன் வந்தார். சலாவுதீன் ரந்தாவில் துணிக்கடை வைத்திருந்தவர். சண்டைக்கு முன்னால் சிரம்பானில் ஒரு ஜப்பான்காரக் கடையிலிருந்து சரக்கு எடுத்து விற்ற பழக்கத்தில் அந்த மொழி கொஞ்சம் வரும். கடையில் துணி தீர்ந்தபிறகு அந்தக் கொஞ்சம் மொழிதான் அவருக்குச் சரக்கு.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது அமிர்தலிங்கம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மரவள்ளி மாவு, தலையில் காகிதத் தொப்பி. எதிரே தலையில் கோழி இறகுகளைச் செருகிக்கொண்டு முத்தாயி. அவர் எழுந்து குனிவதற்குள் காகிதத் தொப்பி கண்ணாடித் துரையின் காலடியில் போய் விழுந்தது. இது என்ன என்று துரை கேட்க, சலாவுதீன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு வாண்டு, அமெரிக்கா என்றது.

எதிரி நாட்டின் பெயர் அது. அமிர்தலிங்கம் இன்னும் ஆழமாகக் குனிந்தார். சலாவுதீன் அவரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு துரையின் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். அதில் இந்தியாவைக் குறிக்கும் இந்தோ என்ற சொல் மட்டும் வாத்தியாருக்குப் பிடிபட்டது. துரை முத்தாயியின் இறகுகளைக் காட்டிக் கேட்டார். சலாவுதீன் மறுபடியும் இந்தோ என்றார். பிறகு துரை மாவு பூசிய முகத்தைக் காட்டிக் கேட்டார். வெள்ளைக்காரன், பசி, பிச்சை என்று கைஜாடையோடு சலாவுதீன் விளக்கினார். துரையின் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதைச் சலாவுதீன் தமிழில் சொல்ல, முத்தாயி பளிச்சென்று பதில் சொன்னாள்.

"விருந்தாளின்னு வந்து தின்னுட்டு, அப்புறம் ஊரையே புடிச்சிக்கிட்டாங்க."

அவள் சொன்னது அமெரிக்காவைத்தான். ஆனால் தோட்டத்தில் அப்போது விருந்தாளியாக வந்து தின்றுகொண்டிருந்தவர் யார் என்பது தடுப்புக்கு அந்தப் பக்கம் அழுத குழந்தைக்கும் தெரியும். சலாவுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கண்ணாடித் துரை கைதட்டினார். இந்தியர்களிடம் வெள்ளைக்காரன் மண்டியிட்டுப் பிச்சை கேட்கும் இந்த நாடகத்தை ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளன்று ரந்தாவ் திடலில் எல்லாத் தோட்டத்து ஜனங்களுக்கும் நடித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

பயந்திருக்க வேண்டும். அமிர்தலிங்கமோ அன்று மாலை வீட்டுக்குப் போய், நம் பாட முறை மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது என்று மயிலம்மாளிடம் சொன்னார். பிற்காலத்தில் இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சிவக்கும்.

ரந்தாவ் திடலில் நல்ல கூட்டம். அமிர்தலிங்கம் சுத்தத் தமிழில் நீளமான வசனங்கள் எழுதியிருந்தார். கப்பல் வந்தது, பனி பெய்தது, சாக வேண்டியவர்கள் செத்தார்கள். மிச்சமிருந்த ஒரே வெள்ளைக்காரர் முழங்காலில் விழுந்து கையேந்தினார். பசித்து வந்தோரே, இதனைப் பெற்றுப் பசியாறுங்கள் என்று சொல்லி முத்தாயி கையிலிருந்த அவித்த சோளக்கதிரை அவருக்குத் தர வேண்டும். ஒத்திகையிலெல்லாம் மரக்கட்டையை வைத்துக்கொண்டு அழகாகத் தந்தவள்தான். இன்று கையில் இருந்தது நிஜக் கதிர், இன்னும் சூடு ஆறாதது. பசித்து வந்தோரே என்றாள். கதிரைப் பார்த்தாள். கடித்துவிட்டாள்.

அதைப் பார்த்த மற்ற இந்தியர்கள் தங்கள் தங்கள் கதிரைக் கடிக்கத் தொடங்கினார்கள். அமிர்தலிங்கம் ஏந்திய கையை இறக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல், குடு முத்தாயி என்று பல்லிடுக்கில் கெஞ்சினார்.

"இருங்க சார்" என்றாள் அவள், வாய் நிறைய.

முன்வரிசைக்கு அது தெளிவாகக் கேட்டது. திடல் முழுக்கச் சிரிப்பு பொங்கியது. எத்தனையோ மாதமாக ஒன்றாகச் சேர்ந்து சிரிக்காத ஜனங்கள், அடங்கிவிட்டதாக நினைத்த இடத்திலிருந்து திரும்பவும் சிரித்தார்கள். கண்ணாடித் துரையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சரித்திரத்தில் செவ்விந்தியர்கள் வெள்ளைக்காரனுக்குச் சோறு போட்டார்கள், ரந்தாவில் போடவில்லை. நடிப்புக்காக ஏந்திய கையில் உண்மையாகவே ஒரு துண்டு விழுந்தால் நன்றாயிருக்கும் என்று அமிர்தலிங்கத்தின் வயிறு நினைத்தது. அதில் அவர் கண்ணில் வந்த நீரைப் பார்த்துத்தான், வாத்தியாரைப் போல அழுது நடிக்க ஆளில்லை என்று மந்தின் என்ற ஊர் வரைக்கும் பேர் பரவிற்று.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் சலாவுதீன் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வருகிற சனிக்கிழமை கல்லுமலைத் தோட்டத்திலேயே நாடகம் நடக்க வேண்டும், ஆண்கள் ஒருவர் விடாமல் வர வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் அரிசி கொடுப்பார்கள் என்று துரையின் உத்தரவைச் சொன்னார். அமிர்தலிங்கத்துக்கு மறுபடியும் தலை சற்று நிமிர்ந்தது. புதிதாக இரண்டு காட்சி சேர்க்கலாம் என்று அவர் தொடங்கும்போது சலாவுதீன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். உட்காராமலே பேசினார்.

"நாடகம் பாக்க வர்றவங்க எதுக்கு காலி லோரிங்கள கொண்டாறாங்க? அத யோசிங்க வாத்தியாரே."

யோசிக்க அதிகம் இல்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்பதும், பக்கத்துத் தோட்டத்தில் கூட்டம் என்று சொல்லி வரவழைத்து ஆண்களை லோரியில் ஏற்றிப் போனார்கள் என்பதும், போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: தன் சரித்திரப் பாடம் ஒரு தூண்டில் புழுவாக ஆகியிருப்பது. நாடகம் நடக்காது என்று சொல்லும் துணிச்சல் அவரிடம் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்றால், யார் போய் ஜப்பான்காரர்களிடம் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாது. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்ததை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மயிலம்மாள்தான், நீங்கள் படுத்தாலும் லோரி வரும் என்றாள்.

மறுநாள் காலை, வணக்கமும் பாட்டும் முடிந்தவுடன், இன்றைக்குப் புதுப் பாடம் என்றார். அந்த முதல் கப்பலுக்கும் முன்னால் வேறு ஒரு கூட்டம் போய்க் குடியேறியது. அவர்களுடைய தலைவர் சாமான் வாங்கி வர ஊருக்குப் போனார், திரும்ப வருஷக் கணக்கில் ஆகிவிட்டது. அவருடைய கப்பல் வந்து சேர்ந்தபோது அந்தக் குடியேற்றத்தில் ஒரு ஆள் இல்லை. சண்டை நடந்த அடையாளம் இல்லை, பிணம் இல்லை. ஒரு மரத்தில் ஒரு சொல்லைச் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காட்டுக்குள்ளே இருந்த ஜனங்களோடு போய்விட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள்.

பிறகு அதை நடித்தார்கள். அவர் கப்பலாக வந்தார். வந்து பார்க்கும்போது வகுப்பில் ஒருவரும் இல்லை; எல்லாரும் பின்வாசல் வழியாக ஓடிச் சோளப் பாத்திக்குள் ஒளிந்துகொண்டார்கள். இரண்டாவது முறையும் நடித்தார்கள். இந்தக் கதையை வீட்டில் அப்பாவுக்கு அப்படியே சொல்ல வேண்டும், கப்பல் சனிக்கிழமை வருகிறது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். இதற்குமுன் கொடுத்த எந்த வீட்டுப்பாடத்தையும் இந்தப் பிள்ளைகள் செய்ததில்லை என்பது நினைவுக்கு வந்து, அன்று மாலை லயத்துப் பக்கமாக இரண்டு முறை நடந்து பார்த்தார்.

அடுத்த நாள் முத்தாயியின் அப்பா மாயாண்டி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். எந்த விஷயத்தையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாதவன். அன்று ரொம்பவும் சுற்றினான். மழை பற்றிக் கேட்டான், மகள் படிப்பைப் பற்றிக் கேட்டான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

"சார், அந்தக் கப்பல் சனிக்கெழமையா வருது?"

"சனிக்கிழமைதான்."

"காலிக் கப்பலா?"

"காலிதான் மாயாண்டி."

"சரிங்க சார். அன்னிக்கு நாங்க ஊர்ல இல்லலா" என்று சொல்லிவிட்டு, மழை பற்றி இன்னொரு வார்த்தை பேசிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் லோரிகள் வந்து ரப்பர் ஸ்டோர் முன்னால் நின்றன. நாடகக் கொட்டகையில் பெண்களும் பிள்ளைகளும் நடை தளர்ந்த கிழவர்களும் இருந்தார்கள். திடகாத்திரமான ஆண் என்று மாவு பூசிய முகத்தோடு அமிர்தலிங்கம் ஒருவர்தான் நின்றார். அதிலும் திடகாத்திரம் என்ற சொல்லை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணாடித் துரை ஆண்கள் எங்கே என்று கேட்டார். மாயாண்டியின் மனைவி ராக்கம்மா, மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி விரட்டப் போயிருக்கிறார்கள் என்றாள். எல்லாருமா என்று கேட்டார். பெரிய பன்றி என்றாள். சலாவுதீன் அதைச் சிரிக்காமல் மொழிபெயர்த்தார்.

இதற்கு யார் பொறுப்பு என்று துரை கத்தினார். சிப்பாய்கள் கிழவர்கள் பக்கமாக நகர்ந்தார்கள். ஒரு கிழவரைத் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் தன் கால் ஏன் முன்னால் போயிற்று என்று அமிர்தலிங்கத்துக்கு வாழ்நாள் முழுக்க விளங்கவில்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியது தன் வேலை, தான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று, தெரிந்த நிப்பொன் சொற்களையெல்லாம் கோத்துச் சொன்னார். சொன்னது தப்பும் தவறுமாக இருந்திருக்க வேண்டும். சலாவுதீனே முகத்தைச் சுளித்தார். கன்னத்தில் விழுந்த முதல் அறையில் மாவு பறந்தது. இரண்டாவதில் தொப்பி போயிற்று. அதற்கப்புறம் அவர் எண்ணவில்லை. லோரி வெறுமனே திரும்பக்கூடாது என்பதற்காக அவரை ஏற்றினார்கள்.

சிரம்பானில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அடைத்து வைத்தார்கள். பல தோட்டத்து ஆட்கள் அங்கே இருந்தார்கள். யாரோ ஒருவர் அவரை அடையாளம் கண்டு, ரந்தாவில் அழுத வெள்ளைக்காரர்தானே நீங்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார். அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்பது அமிர்தலிங்கம் கேலி கலக்காமல் சொல்லும் ஒரு சில விஷயங்களில் ஒன்று.

சயாம் ரயில் கிளம்புவதற்கு முன்னால் அவருக்கு மலேரியா வந்தது. வருஷா வருஷம் வருகிற காய்ச்சல், இந்த முறை நல்ல நேரத்தில் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டதையும், வாந்தியையும், அரைகுறையாக ஒட்டியிருந்த மாவில் வியர்வை வழிந்து அந்த முகம் இருந்த கோலத்தையும் பார்த்த ஜப்பான்கார மருத்துவர், வேறு ஏதோ தொற்று என்று பயந்து அவரை வெளியே கொண்டுபோய்ப் போடச் சொல்லிவிட்டார். சாலையோரத்தில் கிடந்தவரைச் சலாவுதீன் தேடிக் கண்டுபிடித்து, விறகு வண்டி ஒன்றில் ஏற்றித் தோட்டத்தில் சேர்த்தார். மயிலம்மாள் வாசலிலேயே அவரை உட்கார வைத்து முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய மௌனத்துக்கு அவர் பயப்படாதது அந்த ஒரு முறைதான்.

இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று அவர் சொல்வதற்குக் காரணம் இருந்தது. காட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள், வேலை பார்த்தார்கள், மரவள்ளி பிடுங்கினார்கள். சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக, நாடகம் கூட்டம் என்று எதுவும் சொல்லாமல், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு நடக்கும் இடத்திலேயே லோரிகள் வந்து நின்றன. கையில் கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டு போயின. போனவர்களில் மாயாண்டியும் ஒருவன். சண்டை முடிந்து ஒரு சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மாயாண்டி திரும்பவில்லை. சயாமில் குவாய் ஆற்றுப் பக்கத்தில் வாந்திபேதியில் போய்விட்டான் என்று வந்தவர்களில் ஒருவன் சொன்னான்.

ராக்கம்மாவை எதிரில் பார்க்க அமிர்தலிங்கத்துக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள், ராஜா படம் போட்ட புத்தகங்கள் மறுபடியும் வந்தன. புதிதாக வந்த கல்வி அதிகாரி, ஜப்பான்காரன் காலத்தில் என்ன நடத்தினீர்கள் என்று கேட்டபோது, நிப்பொன் மொழி, அதுவும் தப்பாக என்றார். முத்தாயி பள்ளிக்கூடத்தை விட்டுத் தாயோடு பால்வெட்டப் போய்விட்டாள். அவளைச் சாலையில் பார்க்கும்போது அவர் வேட்டியைத் தூக்கிப் பிடிக்காமல் சேற்றிலேயே நடந்து போவார்.

ஒரு வருஷத் தொடக்கத்தில் ராக்கம்மா ஒரு சின்னப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். தலையை எண்ணெய் வைத்து வாரிவிட்டிருந்தாள். அப்பா முகம் அப்படியே இருந்தது. அமிர்தலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு காட்லேர்ந்து திரும்பி வந்து இருந்தாரே சார், அந்த மாசங்கள்ல வந்தவன் இவன். அன்னிக்கே புடிச்சிட்டுப் போயிருந்தா இவன் இல்ல" என்றாள் ராக்கம்மா. அழவில்லை. பையனை முன்னால் தள்ளிவிட்டாள்.

அமிர்தலிங்கம் பையனின் தலையில் கைவைத்தார். அப்போது அவருக்குள் ஒரு நினைப்பு ஓடியது. இவள் நன்றி மறக்காதவள், பையனுக்கு யார் பெயரை வைத்திருப்பாள் என்று ஒரு நினைப்பு. வேண்டாம் வேண்டாம் என்று அதை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அது போகவில்லை. கொஞ்சம் குனிந்து, குரலை இயல்பாக வைத்துக்கொண்டு, உன் பேர் என்ன தம்பி என்று கேட்டார்.

"சன்னாசி" என்றான் பையன்.

"எங்க மாமனார் பேரு சார்" என்றாள் ராக்கம்மா.

நல்ல பெயர் என்றார் அமிர்தலிங்கம். இரண்டு முறை சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் மயிலம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த நினைப்பையும் மறைக்காமல் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்துகொண்டார்.